ஹேமாவின் முதல் நுனிக்கால்

இன்று காலை சென்னையிலிருந்து வந்த பார்சலைப் பிரித்தேன். புது சாட்டின் துணியும் பசையும் கலந்த வாசனை கூடம் முழுக்கப் பரவியது. நுனிக்காலில் நின்று ஆடுவதற்கான பாலே ஷூ, நம் மாணவி ஹேமாவுக்கு. நீ இருந்திருந்தால் என் கையிலிருந்து பிடுங்கி, அடிப்பக்கத்தை வளைத்துப் பார்த்திருப்பாய்.

சென்னையில் பாலே கற்றுக்கொண்டு நீ திருத்தணிக்குத் திரும்பியபோது, "இங்க யாருடி இதுக்கு வருவாங்க?" என்று கேட்டேன்.

"காலு எல்லா ஊர்லயும் கீதே" என்றாய். மாடிக் கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து வகுப்பு ஆரம்பித்தாய்; பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்த தோழி என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டாய்.

கீழே தெருவில் காவடிகள் மலைக்குப் போய்க்கொண்டிருக்கும். மாடியில் நீ தரையோடு தரையாகப் படுத்துக் குழந்தைகளின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாய். "விரலை மடக்காத, நீட்டு. இடது பாதம் உள்பக்கம் சாயுது பாரு. முட்டியைத் திருப்பாத, இடுப்புலேர்ந்து திருப்பு." மாதக்கணக்கில் இதேதான். பாதத்தைத் தரையில் உரசி நீட்டுவது, இழுப்பது, மறுபடியும் நீட்டுவது.

கனகம்மாசத்திரத்தில் கடை வைத்திருக்கும் ஹேமாவின் அப்பாவுக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது. பள்ளி ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா மிஸ், வீடியோல பசங்கல்லாம் நுனிக்கால்ல நிக்குதுங்க. எம்பொண்ணு மட்டும் தரையைத் தேச்சுகினே கீது. அந்த ஷூவை நான் வாங்கியாரேன், நீங்க நிக்க வையுங்க."

"ஒன்பது வயசுங்க. எலும்பு இன்னும் கெட்டிப்படல. இப்ப நிக்க வெச்சா அன்னிக்கு எல்லாரும் கை தட்டுவாங்க, அப்புறம் காலு போயிடும். நான் செய்ய மாட்டேங்க" என்றாய்.

அவர் ஹேமாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவரைப் பார்த்து வேறு சிலரும் பிள்ளைகளை நிறுத்தினார்கள். கூடம் பாதி காலியானது. "வாடகைக்கு இன்னாடி பண்றது?" என்றேன். நீ மிச்சமிருந்த குழந்தைகளைச் சுவரோரக் கம்பியருகே நிறுத்திவிட்டு மறுபடியும் தரையில் படுத்துக்கொண்டாய்.

ஆண்டு விழா முடிந்து சில வாரங்களில் அவரே ஹேமாவோடு படியேறி வந்தார். "சோறு துன்னும்போது கூட காலை நீட்டி நீட்டிப் பாத்துகினு கீது மிஸ். கேட்டா, 'நைனா, விரல் மடங்குதா பாரு'ன்னுது. நீங்களே பாத்துக்கோங்க." நீ ஹேமாவின் கொலுசைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாய்.

நோய் உன்னைக் கொண்டுபோன பிறகு வகுப்பை நிறுத்திவிடுவேன் என்றுதான் ஊரில் நினைத்தார்கள். நிறுத்தவில்லை.

இன்று மாலை ஹேமா ஷூவின் ரிப்பன்களைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்தாள். பதினாலு வயது அவளுக்கு. மெல்ல எழுந்தாள். கணுக்கால் இம்மியும் சாயவில்லை. விரல் நுனியிலிருந்து இடுப்பு வரை ஒரே கோடு. அத்தனையும் உன் வேலை.

வாசலில் நின்றிருந்த அவள் அப்பா மெதுவாகக் கேட்டார்: "அந்த மிஸ் இருந்திருந்தா இன்னா சொல்லியிருப்பாங்க?"

"ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. இடது காலை இன்னொரு வாட்டி காட்டச் சொல்லியிருப்பாங்க."

ஹேமாவுக்கு அது கேட்டுவிட்டது. யாரும் சொல்லாமலே திரும்பி நின்று, இடது கால் தெரிய மறுபடி எழுந்தாள். நான் தரையில் படுத்துப் பார்த்தேன்.