சனிக்கிழமைக் கச்சேரி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்தபடியே எழுதுகிறேன். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

வரும் இருபதாம் தேதி, சனிக்கிழமை மாலை, இங்கே பெரிய அரங்கத்தில் இருமல் ராணி பாட வருகிறார்! ஆமாம், நீ பட்டப்பெயர் வைத்த அதே கரகரத்த குரல்காரிதான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நேற்று கடையில் அவர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஒருவருடைய மூக்குக்கண்ணாடியில் இடது லென்ஸை வலது பக்கம் மாட்டிவிட்டேன். "கச்சேரி முடியிற வரைக்கும் உன் கையில கண்ணாடியக் குடுக்கவே பயமா இருக்குப்பா" என்று முதலாளி சிரித்தார்.

டயாலிசிஸ் செய்துகொண்ட நாட்களில் ஊசி ஏறும்போது அவருடைய படகுப் பாட்டைத்தான் கேட்பேன். முதல் சரணம் முடிவதற்குள் வலி பழகிவிடும். ஆனால் எல்லாவற்றையும்விடப் பிடித்தது, ரயில் நிலையத்தில் ஒருத்தி காத்திருக்கும் பாட்டு. ஏன் என்று உனக்குத் தெரியும்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள், உன் சிறுநீரகம் எனக்கு வேண்டாம், உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று அழுதேன். நீ அந்தப் பாட்டைச் சுருதியே இல்லாமல் கடைசி வரி வரை பாடினாய். நர்ஸ் பதறிப்போய் எட்டிப் பார்த்தார். "நீ உசுரோட இருந்தாத்தான்டா இந்த இருமல் ராணிய நான் கிண்டல் பண்ண முடியும். பேசாம கையெழுத்துப் போடு" என்றாய். போட்டேன்.

ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. சென்ற வாரம் டாக்டர், "உங்க அக்கா குடுத்த கிட்னி ஜோரா வேலை செய்யுது. மாஸ்க் போட்டுக்கிட்டுத் தாராளமாப் போயிட்டு வாங்க" என்றார். முன்பெல்லாம் சனிக்கிழமை என்றால் மெஷின் பக்கத்தில் நான்கு மணி நேரம். போன முறை அவர் பாட வந்தபோதும், டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அங்கேதான் படுத்திருந்தேன்.

அத்தான் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை அக்கா. அன்று அறுவை சிகிச்சை அறை வாசலில், நீ கண் விழிக்கும்வரை உட்காராமல் நின்றவர் அவர். நீ சிறுநீரகம் தருகிறேன் என்றபோது நான் அவரையும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அவரிடம் எந்த வார்த்தையால் நன்றி சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறேன். நடு இருக்கை அத்தானுக்கு. நான் எதுவும் பேசித் தொந்தரவு செய்ய மாட்டேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கனமான எதையும் தூக்காதே. வருகிறோம் என்று ஒரு வரி எழுது. அந்த வரியை அத்தான் கையால் எழுதச் சொல், அக்கா.

உன்னால் நலமாக இருக்கும்,
தம்பி