புள்ளிக்குக் காய்ச்சிய கஞ்சி

20 ஜனவரி 1974, ஞாயிறு

கொக்கிலமேடு குப்பத்து மக்கள் கவனமாகக் கேட்க வேண்டிய அவசரச் செய்தி: ஐந்து குட்டி போட்டு ஒரு வாரமான எங்கள் வீட்டு நாய் புள்ளி, இன்று காலை முதல் மீன் தலையிலிருந்து விடுதலை பெற்றாள். இனி அவளுக்குத் ‘தணிகைவேல் சத்துக் கஞ்சி’. கேழ்வரகு, பச்சைப்பயறு, வேர்க்கடலை மூன்றையும் வறுத்துப் பொடித்துக் காய்ச்சியது. கண்டுபிடித்தவர் அடியேன், பத்தாம் வகுப்பு, கணக்கில் மட்டும் கொஞ்சம் பலவீனம்.

புள்ளி மோந்தாள். தும்மினாள். எழுந்து போய்விட்டாள். பெரும்புள்ளிகள் உடனே கை நனைக்க மாட்டார்கள். சட்டியை மூடி வீட்டுக்குப் பின்னால் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் காலி.

22, செவ்வாய்

புள்ளி உடம்பு மினுமினுக்கிறது. குட்டிகள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. மாட்டாஸ்பத்திரியில் எனக்கு வேலை நிச்சயம் என்றான் கேசவன். டாக்டராகவா மாடாகவா என்று அவன் சொல்லவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். சட்டி காலியானதும் மூடி திரும்ப மூடியிருக்கிறது. நாய்க்கு ஏது கை?

எதிர் வீட்டுச் சடையன் மாமா மேல்தான் கண். வலைக்குக் காவல் வேண்டுமென்று புள்ளியை ரொம்ப நாளாகக் கேட்கிறார். என் கஞ்சியைக் கொட்டிவிட்டு வேறு ஏதோ போட்டு அவளை மயக்குகிறாரோ? நேற்றுகூட, உங்க நாயி என்னைப் பாத்து வாலாட்டுதே என்றார். ஏன் ஆட்டுகிறது?

23, புதன்

பேச்சுக் கொடுத்துக்கொண்டே மாமாவின் கையை மோந்து பார்த்தேன். பீடி வாசனை மட்டும். கைதேர்ந்த ஆள்.

24, வியாழன்

பேஜாராகிவிட்டது.

வச்சலா அக்கா பிரசவத்துக்கு வந்து, பையன் பிறந்து ஒரு மாதம் ஆகிறது. பால் ஊற வேண்டுமென்று நைனா வலையில் விழும் பால்சுறாவை எல்லாம் விற்காமல் அவளுக்கென்று எடுத்து வைக்கிறார். அம்மா மூன்று வேளையும் புட்டு செய்து கொடுக்கிறாள். அப்படியும் குழந்தை பால் போதாமல் அழுகிறது. இன்று மத்தியானம் அக்காவின் சன்னலுக்கு அடியிலிருந்து புள்ளி வந்தாளாம். மூக்கெல்லாம் மஞ்சள், வாயோரம் சுறாப்புட்டு. அம்மா பார்த்துவிட்டாள்.

“பச்சப்புள்ள வவுத்துக்குப் போறத நாயி துன்னுகினு கீது. ஞாயித்துக்கெழம நைனா அத முட்டுக்காட்டுல கொண்டு போய் வுட்டுட்டு வரட்டும். குட்டிங்களையும் சேத்து.”

அக்காவைக் கேட்டால், அசந்து தூங்கிட்டேன் என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டே.

புள்ளி திருடமாட்டா. எனக்குத் தெரியாதா? கருவாடு காயற பாயி மேலயே படுத்துக் கெடப்பா, ஒண்ணத் தொடமாட்டா. யாரோ போடறாங்க. யாரு? குட்டிங்க இப்பத்தான் கண்ணு தொறக்குது. அதுங்கள எப்படி —

26, சனி

கொடியேற்றி மிட்டாய் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வந்து வலைக் குவியலுக்குப் பின்னால் பதுங்கினேன். சடையன் மாமா வந்தார். புள்ளியைப் பார்த்து விசிலடித்தார். பிடித்தோம் என்று நினைத்தேன். அவர் பாட்டுக்குக் கரைப்பக்கம் போய்விட்டார்.

புள்ளி எழுந்து சன்னலுக்கு அடியில் போய் உட்கார்ந்தாள், பஸ்சுக்கு நிற்கிற மாதிரி. சன்னல் வழியே ஒரு கை நீண்டது. பச்சைக் கண்ணாடி வளையல். பூவரச இலை நிறையப் புட்டு.

அதோடு முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்கா பின்பக்கம் வந்தாள், என் சட்டியைத் திறந்தாள், நின்றபடியே மடமடவென்று குடித்தாள், மூடியைப் பத்திரமாக மூடினாள்.

“இன்னாக்கா இது?”

“கத்தாத. மூணு வேளையும் புட்டு. மூடியத் தொறந்தாலே கொமட்டுது. நைனா அவ்ளோ ஆசையா எடுத்து வெக்கிறாரு, அவருகிட்ட எப்படிடா வேணாங்கறது?”

“அது நாய்க்குக் காச்சுன கஞ்சி.”

“தெரியும். உப்பு பத்தல.”

27, ஞாயிறு

நைனா சாக்குப் பையை உதறி எடுத்துவிட்டார். குட்டிகளுக்கு. நான் முன்னால் போய் நின்று, புட்டை எடுத்துப் போட்டது நான்தான் என்றேன். அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். இரண்டு அடி. இரண்டும் சரியான இடத்தில்.

மூன்றாவதுக்கு ஓங்கியபோது உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது. “அவன வுடும்மா. நான்தான் போட்டேன்.”

அம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டாள். அப்புறம், “அப்ப நீ இன்னா துன்னுகினு இருந்த?” என்றாள்.

அக்கா சட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். அம்மா ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். நைனாவைப் பார்த்தாள். நைனா சாக்கை மடித்து உத்தரத்தில் செருகிவிட்டார். நாய் எங்கேயும் போகவில்லை என்று யாரும் வாயால் சொல்லவில்லை. அம்மா என்னைக் கூப்பிட்டு, பயறு வறுக்கும்போது சிவக்க விடணுமா என்று கேட்டாள்.

11 பிப்ரவரி, திங்கள்

இரண்டு வாரமாகப் புதுப்பானையில் இரண்டு வேளை கஞ்சி, அக்காவுக்கு. அம்மாதான் காய்ச்சுகிறாள், வெல்லம் போட்டு. புட்டு நைனாவுக்குப் பாதி, புள்ளிக்குப் பாதி.

இன்று நர்ஸ் மேரி சிஸ்டர் வந்து குழந்தையை நிறுத்துப் பார்த்தார். தராசு முள் நன்றாக இறங்கியது. அம்மாவுக்கு வாயெல்லாம் பல். எல்லாம் எங்க தணிகை கண்டுபிடிச்ச கஞ்சி சிஸ்டர் என்று, என்னென்ன சேர்க்கிறது என்றும் ஒப்பித்தாள். சிஸ்டர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் குட்டிகளை எண்ணப் போய்விட்டேன்.

உண்மையை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. போன மாதம் மேரி சிஸ்டர் இதே வாசலில் நின்று அம்மாவிடம் சொன்ன பக்குவம்தான் அது. சுறாப்புட்டு இருக்கும்போது அதெல்லாம் எதற்கு என்று அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் போட்டுக்கொண்டேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுங்கள் என்றுதான் அவர் சொன்னார். எனக்கு உடனே புள்ளி ஞாபகம் வந்தாள்.

அக்கா ஞாபகம் வரவேயில்லை.