மகள் கையிலும் ஓர் இலை

ஞாயிறு, இரவு

தினமும் என்னோடு ரயிலில் பெங்களூர் வரும் மஞ்சுளா பூதிகோட்டையில் வீடு கட்டியிருக்கிறாள். கிரகப்பிரவேசத்துக்கு மகளோடு போனேன். பந்தியில் எல்லோரோடும்தான் உட்கார வைத்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் என் எச்சில் இலையை நானே எடுத்துக்கொண்டு எழுந்தேன். அந்தப் பக்கத்து விசேஷங்களில் எங்கள் சாதிக்காரர்கள் மட்டும் அப்படி எடுத்தாக வேண்டிய காலம் ஒன்று இருந்தது. இன்று யாரும் சொல்லவில்லை. கை தானாக எடுத்தது.

"இன்னாக்கா இது? கீழ வைங்க" என்று மஞ்சுளா ஓடி வந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. திரும்பிப் பார்த்தால் பின்னால் என் மகள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள். அவள் கையிலும் இலை.

பஸ்ஸில் கேட்டேன். "உன்ன யாருடி எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. ராபர்ட்சன்பேட்டைல நம்ம மாமா கல்யாணத்துல நீ எடுக்கல. இங்க எடுத்த. அப்போ இவங்க வீட்ல நாம எடுக்கணும்னு தெரிஞ்சிக்கினேன்."

சாதி என்ற சொல்லையே அவள் காதில் போடாமல் வளர்த்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவளே சொன்னாள். "அதான்மா அப்புறம் நான் அங்க தண்ணிகூட கேக்கல."

வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் முழுவதையும் நின்றபடியே குடித்தாள்.