எண்ணாயிரம் மைலுக்குக் கப்பல் அனுப்பியவர்கள்

1982 ஏப்ரல் 6, செவ்வாய்

ஹட்டனிலிருந்து தபால் பையைக் கொண்டுவந்து தேயிலைத் தோட்டத்து ஆபீசில் போட்டுவிட்டுத் திரும்பினேன். பீலியடியில் தண்ணீர் பிடிக்க நின்ற ஏழெட்டுப் பேர் என்னை மறித்துக்கொண்டார்கள். "லண்டன் ரேடியோ என்னாங்க சொல்லுது?" தோட்டத்தில் வேறு யாரைக் கேட்பார்கள்? ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன்தான் நான். ஆனால் என் காது பி.ஏ. படித்தது.

சொன்னேன். எண்ணாயிரம் மைலுக்கு அப்பால் இங்கிலாந்துக்கு ஒரு பொட்டுத் தீவு. ஆயிரத்து எண்ணூறு ஆட்கள், மிச்சமெல்லாம் செம்மறி ஆடு. அதை அடுத்த நாட்டான் பிடித்துக்கொண்டான். மீட்க நூறு கப்பல் புறப்பட்டுவிட்டது. ரேடியோவில் நூறு என்று சொல்லவில்லை. குறைத்துச் சொன்னால் அவர்களுக்கு மரியாதையா?

லயத்தில் என் அறைக்கு அடுத்த காம்பராவில் இருக்கும் கந்தப்பன் கேட்டான். "அந்தச் சனம் இங்கிலாந்துக்கு என்னாண்ணே வேணும்?"

"அவங்க கூட்டிக்கிட்டுப் போயி குடிவச்ச சனம்யா. வெள்ளக்காரன் தான் கூட்டிட்டுப் போன ஆள கைவிடமாட்டான்."

"அப்ப நம்மளயும் அவந்தானண்ணே கூட்டியாந்தான்?"

கேட்டது அவன். ஆமாம் என்று சொன்னது நான்.

ஏப்ரல் 18, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை, சளி. கந்தப்பனும் அவன் மனைவி வீரம்மாவும் வந்தார்கள். இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி அவர்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஜூலை 31க்குள் இந்த நாட்டை விட்டுப் போக வேண்டும். ஒரே மகள் அம்மாக்கண்ணு டயகம தோட்டத்தில் இலங்கைப் பிரஜையாகப் பதிவு உள்ளவனைக் கட்டியிருக்கிறாள், அதனால் அவள் இங்கேயேதான். அவளுக்கு இது தலைப்பிள்ளை. ஆகஸ்ட் கடைசியில் பேறு.

"ஒரு மாசம்ணே. ஒரு மாசம் விட்டாங்கன்னா புள்ள மொகத்தப் பாத்துட்டுப் போயிருவேன்" என்றாள் வீரம்மா.

ஆபீஸ் கிளாக்கர் இக்னேசியஸ் ஐயா வழி சொல்லியிருக்கிறார். ஜூன் 15க்குள் கண்டி ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்தால் மூன்று மாதம் தவணை கிடைக்குமாம். நான் சிரித்தேன். கிளாக்கருக்குக் கண்டி தெரியும். எனக்கு லண்டன் தெரியும்.

ஏப்ரல் 27

குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அக்கா மகள் மார்கிரட், ஊருக்கு வந்த ஒருத்தியிடம் எனக்குச் சாமான் கொடுத்தனுப்பியிருக்கிறாள். ஒரு சட்டைத் துணி. ஒரு கைவிளையாட்டுப் பெட்டி. உள்ளங்கை அகலம், முன்னால் கண்ணாடி. ஹெலிகப்டரிலிருந்து ஆட்கள் குடை விரித்துக் கடலில் விழுவார்கள். கீழே ஒரு படகு. இரண்டு பொத்தானை அழுத்திப் படகை நகர்த்தி அவர்களை ஏந்த வேண்டும். தவறினால் சுறா. மூன்று ஆள் போனால் ஆட்டம் முடிந்தது.

லண்டன் கடற்படைச் சிப்பாய்கள் கப்பலில் இதை வைத்துத்தான் பழகுகிறார்கள் என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். மார்கிரட் வேலை செய்யும் வீட்டுப் பையன் வேண்டாமென்று எறிந்த சாமான் அது.

மே 6, வியாழன்

இங்கிலாந்துக் கப்பல் ஒன்று அடிபட்டு எரிந்ததாம். அதற்கு முன்னால் அவர்கள் மற்றவனுடைய கப்பலை மூழ்கடித்ததில் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். பிரதமர் பொம்பளையாக இருந்துகொண்டு எப்படித் தாங்குகிறார் என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கேட்டார்கள். பொம்பளைப் பிரதமரை உலகத்துக்கு முதலில் காட்டியதே நாம்தான், லண்டன் நம்மிடம் படித்துக்கொண்டது என்றேன். இது பொய்யில்லை.

விளையாட்டில் 412 எடுத்ததாகச் சொன்னேன். எடுத்தது 163. இந்தப் புத்தகத்துக்குமா பொய் சொல்வது?

மே 9

கடிதம் எழுதிவிட்டேன். ராணிக்கு எழுதுவதாகக் கந்தப்பனிடம் சொல்லியிருந்தேன். ராணியின் விலாசம் என்னிடம் எங்கே இருக்கிறது? இருப்பது நம்முடைய பழைய வெள்ளைக்காரத் துரையின் ஸ்கொட்லாந்து விலாசம்தான். தோட்டத்தை அரசாங்கம் எடுத்ததும் அவர் போய்விட்டார். பதினாறு வருஷம் அவருக்குத் தபால் சுமந்தவன் நான். "கந்தப்பன், வீரம்மா, உங்கள் பழைய ஆட்கள், ஒரு மாதம் தங்க உதவ வேணும்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் எழுதினேன். அவர் சொன்னால் ராணி கேட்பார். கேட்க மாட்டாரா?

மே 30, ஞாயிறு

போப்பாண்டவர் லண்டனில் காலடி வைத்திருக்கிறார். அந்த நாட்டுக்குப் போப்பாண்டவர் போவது இதுதான் முதல் தடவையாம். யுத்தம் நடக்கும் நேரத்தில் போகிறார் என்றால் காரணம் இருக்கும். நம் விஷயமும் அவர் காதில் விழுந்திருக்கலாம் என்று வீரம்மாவிடம் சொன்னேன். அவள் இந்து. ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பிறகு பெட்டியை அவள் கையில் கொடுத்தேன். விளையாடத் தெரியவில்லை. ஆள் விழ விழ "ஐயையோ, ஐயையோ" என்றாள். "இத்தன பேரு விழுறாங்க, ஒத்தப் படகுதானாண்ணே?" என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தாள்.

ஜூன் 11

பெட்டிக்குப் பேட்டரி தீர்ந்தது. மாத்திரை போல இருக்கும் பேட்டரி. ஹட்டன் கடைக்காரன் அதை இன்றுதான் பார்க்கிறானாம்.

ஜூன் 15, செவ்வாய்

வெற்றி! காலைச் செய்தியில் சொல்லிவிட்டார்கள். எதிரி சரணடைந்துவிட்டான்.

ஏழு மணிக்குக் கந்தப்பன் வெள்ளை வேட்டி கட்டி, மனுவை உறையில் போட்டுக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். "கண்டிக்குப் போயிட்டு வந்துர்றேண்ணே. இன்னக்கித்தான் கடசி நாளு."

"என்னாத்துக்குய்யா போற? யுத்தம் முடிஞ்சிருச்சு. இனி அவங்களுக்கு நம்ம சோலிதான்."

"நெசமாவாண்ணே?"

"பழைய தொரை என் கடுதாசிய லண்டன் பாராளுமன்றத்துல வாசிச்சிருக்காருய்யா. வீணா அங்க ஒரு மனுவக் குடுத்து கொழப்பிறாத."

அப்படி எந்தச் செய்தியும் வரவில்லை. ஏன் சொன்னேன்? சொல்லும்போது நன்றாக இருந்தது, அவன் முகமும் மலர்ந்தது. வீட்டுக்குப் போய் வேட்டியை மடித்து வைத்துவிட்டு மலைக்கு வேலைக்குப் போனான்.

கண்டிக்குப் போக ஒன்பது மணிக்கு இன்னொரு பஸ் இருந்தது. அது மேட்டில் ஏறும் சத்தம் கேட்டது. அவனைக் கூப்பிட்டு அனுப்ப நான் எழுந்திருக்கவில்லை.

ஜூன் 22

ராணியின் மகனுக்கு மகன். ராணிக்குப் பேரன் பிறந்திருக்கிறான். நேற்று. லண்டன் முழுக்கக் கொண்டாட்டம். பீலியடியில் சொன்னேன். வீரம்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள்.

"ராணியம்மா புள்ளையப் பாத்துட்டாங்களாண்ணே?"

ஜூலை 2

இக்னேசியஸ் ஐயா விஷயம் தெரிந்து கத்தியிருக்கிறார். பயந்துபோய்க் கந்தப்பன் இன்று கண்டிக்குப் போய் வந்தான். பதினேழு நாள் பிந்திவிட்டது. மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"லண்டன் கடுதாசியப் பத்தியும் சொன்னேண்ணே. அங்க இருந்த ஆபீசர் சிரிச்சாரு. அப்பறம் என் மொகத்தப் பாத்துட்டு வெளிய கூட்டிட்டுப் போயி தேத்தண்ணி வாங்கிக் குடுத்தாரு."

அவ்வளவுதான். திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஜூலை 20

ஸ்கொட்லாந்துத் தபால். என் பேருக்கு வந்திருந்தது. வழியில் பிரித்தேன், எழுத்து புரியவில்லை. இக்னேசியஸ் ஐயாதான் வாசித்தார்.

"தொரையோட மக எழுதியிருக்கா. அவருக்கு இப்ப ஆள் அடையாளம் தெரியலியாம். சன்னலோரமா ஒக்காந்து கொழுந்து நிறுத்தாச்சான்னு கேப்பாராம். கந்தப்பன், வீரம்மாங்கிற பேரச் சொல்லிப் பாத்தாளாம், ஞாபகம் வரலியாம். ஒங்க கடிதத்துக்கு நன்றின்னு போட்டிருக்கா."

"வேற?"

"வேற என்னா, சூசைரட்ணம்?"

நேராகக் கந்தப்பனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாராளுமன்றத்தையும் சொன்னேன். அவன் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான். "எனக்குத் தெரியும்ணே" என்றான். எப்போதிருந்து தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஜூலை 28, புதன்

ஹட்டன் ஸ்டேசன். இன்றைக்கு மட்டும் ஆறு குடும்பம். தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பல். கோச்சி வருவதற்கு முன்பே அழுகை தொடங்கிவிட்டது. அம்மாக்கண்ணு வயிற்றைத் தூக்கிக்கொண்டு டயகமவிலிருந்து வந்திருந்தாள். வீரம்மா தன் சேலைகளில் நல்லதாக ஒன்றைத் தொட்டிலுக்கென்று அவள் தோளில் போட்டாள். பிறகு மகளின் வயிற்றில் கையை வைத்தாள். கோச்சி கூவியது. வைத்த கையை அவள் எடுக்கவேயில்லை. கந்தப்பன்தான் கையைப் பிரித்து ஏற்றினான்.

நான் சன்னலருகே போனேன். வீரம்மா என்னைப் பார்த்தாள்.

"நாங்க ஒங்க வாயத்தாண்ணே நம்புனோம்."

என்னாத்தச் சொல்றது. அம்பத்தெட்டு வருசமா ஓயாத வாயி. கோச்சி நகந்து போயிருச்சு, நான் அப்பிடியே நிக்கிறேன்.

ஜூலை 29

எழுத எதுவுமில்லை.

ஆகஸ்ட் 14

பீலியடியில் கூப்பிட்டார்கள். ரேடியோ கெட்டுப்போய்விட்டது என்றேன். கெடவில்லை.

செப்டம்பர் 1, புதன்

அம்மாக்கண்ணுவுக்கு நேற்றுக் குழந்தை பிறந்ததாம். டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். வாசலில் தாதி "நீங்க யாரு?" என்று கேட்டாள். அவளுடைய அப்பா அம்மாவுக்குப் பக்கத்துக் காம்பரா என்றேன். உள்ளே விட்டாள். அம்மாக்கண்ணு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனால் பிள்ளை மேலிருந்த துணியைக் கொஞ்சம் விலக்கினாள்.

திரும்பி வந்து கந்தப்பனுக்கு எழுத உட்கார்ந்தேன். இந்தியாவில் கப்பலில் வந்தவர்களைத் தங்கவைக்கும் மண்டபம் முகாம் என்று விலாசம். முதலில் எழுதியதில் ஆஸ்பத்திரியே திரண்டு வந்து பார்த்தது, டாக்டர் தன் கையால் தூக்கிக் கொஞ்சினார் என்றெல்லாம் இருந்தது. கிழித்தேன். அடுத்ததில் பிள்ளை பாட்டியை உரித்து வைத்திருக்கிறது என்று எழுதினேன். அதையும் கிழித்தேன்.

மூன்றாவது கடிதம்தான் தபாலுக்குப் போகிறது:

"பொம்பளப் பிள்ளை. செவ்வாய்க்கிழமை காலை. ஐந்தே முக்கால் றாத்தல். தலைமுடி அதிகம். தாயும் பிள்ளையும் சுகம். யார் சாயல் என்று வீரம்மா கேட்பாள். நான் நன்றாகப் பார்த்தேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியவில்லை."