பால்மரங்கள் காட்டிய மேடு

நேற்றுக் காலை கிள்ளான் வட்டாரத்தின் தரை உயரங்களை இணையத்திலிருந்து இறக்கினேன். கையிலிருந்த கோப்பையில் நுரைத்த தே தாரிக் ஆறவில்லை, அதற்குள் முழுவதும் வந்துவிட்டது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. திரையில் மேடுகள் பழுப்பாகவும் பள்ளங்கள் பச்சையாகவும் விரிந்தபோது என் விரல் தானாக ஓரிடத்தைத் தேடிப் போனது. அந்த மேடு அங்கேயே இருந்தது. உடனே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லத் தோன்றியது. பிறகுதான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது. எத்தனை வருடமானாலும் எனக்கு இப்படித்தான் ஆகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன வரைபட அலுவலகத்தில் நமக்கு எதிரெதிர் மேசை. செயற்கைக்கோள் இரண்டு கோணங்களில் படமெடுத்தால்தான் உயரத்தைக் கணக்கிட முடியும். இரண்டு முறையும் மேகம் வழிவிட வேண்டுமே! மாதக்கணக்கில் காத்திருந்தோம். காலையில் வந்ததும் சன்னலைத் திறந்து, "இன்னைக்கும் மூடிக்கிட்டுத்தான் இருக்கு லா. சேட்டலைட்டுக்கு நம்ம மூஞ்சி பிடிக்கலடி" என்பாய். கீழேயிருந்து மல்லிகை வாசம் ஏறி வரும்.

ஒருவழியாகத் தரவு நாடா வந்து சேர்ந்தது. கிள்ளான் பக்கம் பால்மரங்கள் நிறைந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் வீடுகள் கட்டப் போகிறார்கள், வெள்ளம் ஏறாத இடத்தைக் காட்டுவது என் பொறுப்பு. ஆற்றோரமாக ஒரு மேடு தெரிந்தது. இங்கே கட்டலாம் என்று வரைந்துவிட்டேன். பதவி உயர்வுக் கனவு வேறு. நீ என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாய்.

"இது மேடு இல்லடி, பால்மரம். மேலேருந்து பார்த்தா மரத்தோட தலைதானே தெரியும்? தரை கீழ கிடக்கு."

"உனக்குப் பொறாமை" என்றேன், எல்லார் காதிலும் விழும்படி.

நீ அந்த ஞாயிற்றுக்கிழமை தரைமட்டம் பார்க்கும் லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு கிள்ளான் பஸ் ஏறினாய். பால் வெட்டும் அக்கா ஒருவரை அளவுகோல் பிடிக்க வைத்து, முழங்கால் சேற்றில் நின்று அளந்திருக்கிறாய். திங்கட்கிழமை உன் குறிப்புப் புத்தகம் என் மேசையில் இருந்தது. மேடென்று நான் வரைந்த இடம், தோட்டத்திலேயே தாழ்ந்த பள்ளம்.

நான் என்ன செய்தேன்? படத்தைத் திருத்திவிட்டு, தவறை நானே கண்டுபிடித்ததாக மேலாளரிடம் சொன்னேன். அளந்தவர் பெயரை வரைபடத்தின் ஓரத்தில் எழுதுவது நம் அலுவலக வழக்கம். அங்கே என் பெயரை எழுதினேன். நீ பார்த்தாய். "ஆளுங்க வீட்டுக்குள்ள தண்ணி வராம இருந்தா சரி லா" என்று மட்டும் சொன்னாய். அன்று மாலையும் எனக்குச் சேர்த்தே உளுந்து வடை வாங்கி வந்தாய். நீ சண்டை போட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். நீ நோயில் படுத்தபோது வந்து பார்த்தேனே, அன்றும் மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். என்னைப் போல் ஒரு கோழை உண்டா?

நீ அளந்ததால் அந்தப் பள்ளத்தில் வீடு எழும்பவில்லை. மரங்கள் பிழைத்தன. சில ஆண்டுகள் கழித்து ஒரு விண்கலம் உலகத்தையே அளந்தபோதும் அவை நின்றுகொண்டிருந்தன. அவற்றின் தலையை அதுவும் தரையென்றே எழுதிக்கொண்டது. நேற்று எனக்குக் கிடைத்தது அந்த அளவுதான். இப்போது அங்கே மரங்கள் இல்லை, மழை பெய்தால் குளமாகிவிடும் ஒரு திடல் இருக்கிறது.

எந்த வரைபடமானாலும் மரத்தின் உயரத்தைக் கழித்த பிறகே கையெழுத்திடுவேன். இதில் மட்டும் கழிக்க மனம் வரவில்லை. கழித்தால் நீ நின்ற இடமும் போய்விடும் போலிருந்தது. மேட்டோடு அப்படியே அச்செடுத்து, ஓரத்தில் அளந்தவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். மன்னித்துவிடடி, அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய பெயர்.