ஆர்காடியசுக்குக் குடுமி

வட்டம் 19, நெய்வேலி
6.1.2025

அன்புள்ள தம்பி குழந்தைவேலுக்கு, அக்கா எழுதுவது. அங்கே எல்லோரும் சுகம்தானே? நீயாக ஒரு கடிதம் போட்டு எத்தனை மாதம் ஆகிறது!

போட்டோவில் பளபளப்புத்தான் தெரியும், மேடு பள்ளம் தெரியாது என்று நீதானே சொல்வாய். அதனால் இந்தப் பழைய செப்புக் காசையே பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த படி ஒன்று என்னிடம் இருக்கிறது.

பக்கத்து ஊரான வடக்குத்தில் ஒரு வீட்டுக் குளியலறைக்குக் குழி வெட்டும்போது கிடைத்ததாம். கொண்டுவந்தவள் சின்னம்மாள், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவள். "வூட்டுல எல்லாரும் பொத்தான்னு சிரிக்கிறாங்கம்மா. யாரு மூஞ்சின்னு நீங்களாவது பாத்து சொல்லுங்க" என்றாள். உன் மாமாவும் பொத்தான் என்று சொல்லிவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போனார்.

எனக்குத் தெரிவது: வலப்பக்கம் பார்த்த முகம், தாடி இல்லை. தலையில் முத்துப் பட்டி, பிடரியில் அதன் நாடா முனைகள் இரண்டு. விளிம்பில் டி, ஐ, வி, எஸ் என்று நாலு லத்தீன் எழுத்து மிச்சம்; அதில் வி என்பது யு. பழைய ரோம அரசன் கிளாடியஸ் பெயரும் அப்படித்தான் முடியும், ஆனால் அவன் முத்துப் பட்டி கட்டியவன் இல்லை. ஆகவே ரோமப் பேரரசன் ஆர்காடியஸ் என்கிறேன். உன் பெரிய லென்சில் பார்த்துச் சொல். கழுவாதே, தேய்க்காதே. பொங்கல் கழிந்ததும் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பிரியமுள்ள அக்கா,
ருக்குமணி

பண்ருட்டி
12.1.2025

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

உன் கண்ணுக்கு வயசாகிவிட்டது அக்கா! அது நாடாவா? குடுமி! நம் தமிழ் மன்னன். புளி போட்டு விளக்கிப் பார்த்தேன், நீ சொன்ன எழுத்தெல்லாம் வெறும் கறை. எங்கள் நாணயச் சங்கத்தில் எல்லோரும் அசந்துவிட்டார்கள். ரோமானியக் காசு ஊரெல்லாம் கிடக்கிறது, குடுமி மன்னனைக் கண்டுபிடித்தவன் நான் ஒருவன்தான். பேப்பரிலும் வந்துவிட்டது, வெட்டி இதனுள் வைத்திருக்கிறேன். கடைசி வரியைப் பார்: "நெய்வேலி ருக்குமணி அம்மாளும் இதை உறுதி செய்தார்." உனக்கும் பெருமைதானே? பத்தொன்பதாம் தேதி எனக்குச் சால்வை போடுகிறார்கள், அவசியம் வா. படம் எடுத்துக்கொண்டேன், காசு இத்துடன்.

உன் தம்பி,
குழந்தைவேல்

நெய்வேலி
16.1.2025

குழந்தைவேலு,

காசைக் கையில் எடுத்ததும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். கறையா அது? புளிக்கு எழுத்து போகாதடா. நாலு எழுத்தும் இருந்த இடத்தில் அரம் ராவிய கோடுகள், புதுச் செம்பாகச் சிவந்து கிடக்கின்றன. நாடா முனைகளை ஊசியால் தோண்டி ஒரே முடிச்சாக்கி இருக்கிறாய். பென்சில் படியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆயிரத்து அறுநூறு வருஷம் மண் தின்றும் மிச்சம் வைத்த முகத்தை ஐந்தே நாளில் அழித்துவிட்டாய். சீ!

தப்பாகப் படித்திருந்தால் சிரித்திருப்பேன். நானும் கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கும் டோக்கனை நீரோ காசு என்று சொன்னவள்தான். நீ எழுத்தைப் படித்துவிட்டு, அது உனக்கு வேண்டாம் என்று ராவியிருக்கிறாய். அந்த அசிங்கத்தில் என் பெயரையும் பூசியிருக்கிறாய். சோற்றில் கை வைக்க அருவருப்பாக இருக்கிறது.

சின்னம்மாளிடம் இன்னும் காசைக் கொடுக்கவில்லை, எந்த முகத்தோடு கொடுப்பது? விழாவுக்கு முன்னால் பேப்பருக்கு நீயே உண்மையை எழுது. எழுதினால் நீ என் தம்பி.

ருக்குமணி

பண்ருட்டி
20.1.2025

அன்புள்ள அக்கா,

விழா சிறப்பாக நடந்தது. நீ வராததுதான் குறை. எல்லோரும் கை தட்டும்போது தப்பு என்று எப்படிச் சொல்வது? தேய்ந்துபோன செப்புக் காசு. எந்த ராஜா எழுந்து வந்து கேட்கப்போகிறான்? கோபத்தை விடு. சால்வையை உனக்கே அனுப்புகிறேன், பனிக்குப் போர்த்திக்கொள்.

தம்பி

நெய்வேலி
24.1.2025

குழந்தைவேலு,

சால்வையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டேன்.

சின்னம்மாள் வந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். காசைக் கையில் வாங்கி, ராவிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம், "மண்ணுல கெடந்துகினு நல்லாத்தான் இருந்துது. படிச்சவங்களாச்சேன்னு நம்பிக் குடுத்தேன், கெடுத்துட்டீங்களே" என்றாள்.

கெடுத்துட்டாரே என்று சொல்லவில்லை. கெடுத்துட்டீங்களே என்றாள். என்னையும் உன்னோடு சேர்த்துவிட்டாள்.

இன்று காலை இரண்டு பேரும் பேப்பர் ஆபீசுக்குப் போனோம். உறுதி செய்தவள் நான் இல்லை, அரம் போட்டது என் தம்பி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரும் என்றார்கள். ஊர் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான் இதை எழுதினேன். பதில் போடாதே.

ருக்குமணி