பிரினோரியில் ஆள் இருக்கிறது

பிரினோரி
4 மே 1993, செவ்வாய்

அரிஸ்திதிஸ் அவர்களுக்கு ஹரிக்லியா எழுதுவது.

ஆறு வருஷமாகக் கடிதம் போடாதவள் இன்று போடுகிறாளே என்று நெஞ்சில் கை வைக்க வேண்டாம். யாரும் சாகவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை முற்றத்து அடுப்பில் ரொட்டி வைத்துக்கொண்டிருந்தேன். தலையில் துணி, முகமெல்லாம் மாவு. வெளிநாட்டுப் பெண் ஒருத்தி வாசலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் வீலென்று கத்தினாள். பின்னாலேயே பத்துப் பேர், கழுத்தில் கேமரா. ஒருவர் என் துணிப்பெட்டியைத் திறந்து பார்க்கிறார்! அடுத்த வீட்டு டொம்னாவின் புருஷன் உள்ளாடையோடு மதியத் தூக்கத்தில் இருந்தார். அவரையும் படம் பிடித்தார்கள். அவர் எழுந்து உட்கார்ந்ததும் வந்த கூட்டம் படியில் உருண்டு புரண்டு ஓடியது.

ஓடும்போது ஒரு தாளைப் போட்டுவிட்டுப் போனார்கள். நீங்கள் வேலை பார்க்கிற கடற்கரை ஹோட்டலின் தாள். "பிரினோரி: ஆளற்ற, கைவிடப்பட்ட மலைக் கிராமம்" என்று அதில் நம் மொழியிலும் அச்சாகியிருக்கிறது. மீன் வண்டிக்கார ஸிசிமோஸ் வந்தபோது கேட்டேன். "பஸ் ஓட்டறதே உங்க வீட்டுக்காரர்தான் அக்கா. கீழ் வளைவுல நிறுத்திட்டு சீட்டை விட்டு எறங்கவே மாட்டேங்கறார்" என்றான்.

இங்கே பதினான்கு பேர் இருக்கிறோம். ஒன்பது வீட்டில் புகை வருகிறது. ஞாயிறு தவறாமல் தேவாலய மணி அடிக்கிறது. சுனை ஒரு கோடைக்கும் வற்றியதில்லை. இந்த ஊரை யார் கைவிட்டது? நான் விடவில்லை. டொம்னா விடவில்லை. விட்டது யாரென்று உங்களுக்கே தெரியும்.

தாளைத் திருத்துங்கள்.

ஹரிக்லியா

*

அக்ரோயாலி
9 மே

அன்புள்ள ஹரிக்லியா,

உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் உண்மையாகவே நெஞ்சில் கை வைத்துவிட்டேன். படித்த பிறகு வெட்கத்தில் இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை.

தாள் அச்சடிக்கும்போது முதலாளி மகன் என்னைத்தான் கேட்டான். "மேல யாராவது குடியிருக்காங்களா மாமா?" "எல்லாரும் எறங்கிட்டாங்கப்பா" என்று சொல்லிவிட்டேன். இருக்கிறார்கள் என்றால் யார் என்பான். என் பெண்டாட்டி என்றால், அப்புறம் நீங்கள் ஏன் இங்கே என்பான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. அதனால் ஒரே வார்த்தையில் ஊரையே காலி செய்துவிட்டேன்.

உன் மேலும் எனக்குக் குறை உண்டு. மூன்று முறை கூப்பிட்டேன். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற அறை, குழாயைத் திருகினால் வெந்நீர். நீ வரமாட்டேன் என்றாய். கல்வீட்டைக் கட்டிக்கொண்டு அழட்டும் என்று நானும் கோபத்தில் இருந்துவிட்டேன்.

இப்போது அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. மலைப் பயணத்தையே நிறுத்திவிடலாமா என்கிறான். நீ சொல்வதுதான் முடிவு.

அரிஸ்திதிஸ்

*

பிரினோரி
13 மே

அரிஸ்திதிஸ் அவர்களுக்கு,

நிறுத்துவதா? நன்றாயிருக்கிறது! ஒளிந்துகொள்ள நாங்கள் என்ன திருடிவிட்டோமா? வரட்டும். சொல்லிவிட்டு வரட்டும், அவ்வளவுதான்.

வருகிற இருபதாம் தேதி வியாழக்கிழமை, மதியம். ஊரே கூடிப் பேசிவிட்டோம். டொம்னா படிகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் புருஷன், "இனிமே கோட்டு போட்டுக்கிட்டுத்தான் தூங்குவேன்" என்று சபதம் போட்டிருக்கிறார். இந்த மலையில் ஒரு தேவாலயத்துக்கும் இல்லாத மணி நம்முடையது. அதை அடித்துத்தான் வரவேற்கப் போகிறோம்.

இன்னொன்று. நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. இங்கே இருக்கிறேன் என்று சொன்னேன். இரண்டும் ஒன்றா?

வண்டியை வளைவில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. எல்லாரோடும் ஏறி வர வேண்டும்.

ஹரிக்லியா

*

அக்ரோயாலி
21 மே

அன்புள்ள ஹரிக்லியா,

நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் ஹோட்டல் முழுக்க நம் ஊர்ப் பேச்சுதான். நீச்சல்குளத்தைப் பற்றி ஒருவர் வாயைத் திறக்கவில்லை. மணிச் சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றினார்களே, பார்த்தாயா? நானும் கழற்றினேன். நீ கறுப்புப் பாவாடையும் என் அம்மா இடுப்பில் மாட்டியிருந்த வெள்ளிக் கொக்கியுமாக வாசலில் நின்ற நிற்பை வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

ஒரு ஜெர்மன்காரி அரைகுறை மொழியில் என்னைக் கேட்டாள், "உங்களுக்கு இந்த இடம் தெரியுமா?" என்று. "என் ஊருங்க. அதோ நிக்கிறது என் பெண்டாட்டி. விட்டுட்டுப் போனது நான்தான்" என்றேன். ஆறு வருஷமாக வராத பதில் தானாக வந்துவிட்டது.

ஆனால் ஒன்று ஹரிக்லியா. செர்ரிப் பாகும் தண்ணீரும் தட்டில் எடுத்து வந்தாய். முப்பத்தொரு பேருக்கும் நீயே நீட்டினாய். முதலாளி மகனுக்கு இரண்டு கரண்டி. என் முன்னால் வந்ததும் தட்டைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அத்தனை பேரும் பார்த்தார்கள். நீ செய்தது சரிதான், உனக்கு அந்த உரிமை இருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து வேறு ஓட்டுநரை அனுப்பச் சொல்லிவிடுகிறேன். உன் கண்ணில் பட மாட்டேன்.

நன்றாக இரு.

அரிஸ்திதிஸ்

*

பிரினோரி
24 மே

அட மனுஷா,

உங்கள் கடிதத்தை டொம்னாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. "ஹோட்டல்ல இருந்து இருந்து உன் வீட்டுக்காரருக்கு மூளை உப்புத்தண்ணில ஊறிப்போச்சுடி" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது.

தட்டில் வைத்து நீட்டுவது யாருக்கு? வெளியாருக்கு. இந்த மலையில் எந்த வீட்டிலாவது வீட்டு ஆம்பிளைக்குத் தட்டில் ஒரு கரண்டி பாகு நீட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நீட்டியிருந்தால், முப்பத்தொரு பேர் எதிரில் 'நீங்கள் இந்த வீட்டுக்கு விருந்தாளி' என்று சொன்னதாக ஆகியிருக்கும். அதைச் சொல்ல எனக்குக் கை வரவில்லை. டொம்னாவுக்கும் அவள் புருஷனுக்கும் அங்கே நின்ற நம் ஊர்க்காரர் எல்லாருக்கும் அது புரிந்தது. உங்களுக்கு மட்டும்தான் புரியவில்லை.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆறு வருஷத்துக் கோபம் இருக்கிறது, நேரில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வேறு ஓட்டுநர் யாரும் வேண்டாம். வியாழக்கிழமை நீங்களே வாருங்கள். விருந்தாளியாக வருவதென்றால் கதவைத் தட்டுங்கள், தட்டில் கொண்டுவந்து தருகிறேன். இல்லையென்றால் தட்டாமல் உள்ளே வாருங்கள். பாகு ஜாடி அலமாரி மேல்தட்டில் இருக்கிறது. கரண்டியை நீங்களேதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள்
ஹரிக்லியா